பழைய நீராலைக்கு மறுவாழ்வு: எங்கிருந்து தொடங்குவது?

ஆற்றோரத்தில் பாழடைந்து நிற்கும் நீராலை ஒன்றைக் காப்பாற்றலாம் என்று நாலு பேர் கூடிவிட்டால், பேச்சு நேராகச் சக்கரத்துக்குத்தான் போகும். எந்த மரத்தில் செய்வது, யாரிடம் கொடுப்பது, என்றைக்குச் சுழல வைப்பது, திறப்பு விழாவுக்கு யாரைக் கூப்பிடுவது என்றெல்லாம் பேசுவார்கள். படத்துக்கு எடுப்பானது சக்கரம். நன்கொடை தருகிறவரின் கண்ணும் அதன்மேல்தான் விழும். ஆனால் சக்கரம் சுற்றத் தண்ணீர் வேண்டும், சுற்றிய பிறகு அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். இந்த இரண்டுக்கும் விடை கிடைக்காமல் தச்சரை அழைப்பது வீண் செலவு என்பதே, மீட்கப்பட்ட ஆலைகளின் அனுபவங்களைப் படித்ததில் நான் வந்து சேர்ந்த முடிவு. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் இங்கிலாந்தைச் சேர்ந்தவை. நீராலை மீட்பில் அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட அனுபவம் அங்கே பதிவாகிக் கிடக்கிறது.

1086இல் முதலாம் வில்லியம் மன்னர் எடுத்த நிலக் கணக்கான டூம்ஸ்டே ஏட்டில் ஏறத்தாழ 6,000 ஆலைகள் பதிவாகியுள்ளன. அந்த நாட்டுக்கு அப்போது காற்றாலை வந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு எண்ணூறு ஆண்டுகள் ஊர்ப்புறத்துக் கோதுமையும் பார்லியும் ஓட்ஸும் பெரும்பாலும் இத்தகைய ஆலைகளில்தான் மாவாயின. கம்பளித் துணியை இடித்துக் கெட்டிப்படுத்தவும், இரும்பு அடிக்கவும், காகிதக் கூழ் இடிக்கவும் அதே சக்கரம் உழைத்தது. 1870களுக்குப் பிறகு எல்லாம் மாறியது. எஃகு உருளைகளால் அரைக்கும் ரோலர் மில்கள் வந்தன. வட அமெரிக்கக் கோதுமை கப்பலில் வந்து இறங்கியதால் பெரிய மில்கள் துறைமுகங்களை ஒட்டி எழுந்தன. வெள்ளை மாவு மலிந்தது. கிராமத்து ஆலைகள் மாட்டுத் தீவனம் அரைத்துச் சில காலம் தாக்குப்பிடித்தன, பிறகு ஒவ்வொன்றாக நின்றன. இன்று மிஞ்சியிருப்பவை ஒழுகும் கூரைகளும், வண்டல் மூடிய வாய்க்கால்களும், பாதி அழுகிய சக்கரங்களும்தான்.

நமக்கும் இது அந்நியச் சங்கதி அல்ல. உத்தராகண்ட், இமாசலப் பிரதேச மலைகளில் 'கராட்' எனப்படும் சிறு ஆலைகள், படுக்கையாகச் சுழலும் சக்கரத்தைக் கொண்டு இன்றும் மாவரைக்கின்றன. அவுரங்காபாத்தில் பாபா ஷா முசாஃபிர் தர்காவை ஒட்டியுள்ள பஞ்சக்கி, தொலைவிலுள்ள ஊற்றின் நீரை நிலத்தடிக் குழாய்கள் வழியாகக் கொண்டுவந்து யாத்திரிகர்களுக்கு மாவரைத்துத் தந்தது. பாபநாசத்தில் 1880களில் ஹார்வி நிறுவனத்தார் தொடங்கிய நூற்பாலையும் தாமிரபரணி அருவி நீரின் விசையை நம்பி எழுந்ததுதான்.

முதலில் ஆறு

ஓர் ஆலைக்கு எவ்வளவு வலு கிடைக்கும் என்ற கணக்கு எளிது. நொடிக்கு எத்தனை லிட்டர் நீர் வருகிறது, எத்தனை மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது என்ற இரண்டையும் பெருக்கி, அதை 9.81ஆல் பெருக்கினால் நீரின் மொத்தத் திறன் வாட் அளவில் கிடைத்துவிடும். நொடிக்கு 300 லிட்டர், விழும் உயரம் 2.5 மீட்டர் என்றால் சுமார் 7,350 வாட். சக்கரமும் பல்சக்கரங்களும் தின்றது போக 60 சதவீதம் கல்லுக்குப் போய்ச் சேருமானால் 4.4 கிலோவாட், அதாவது ஏறக்குறைய 6 குதிரைத்திறன். நாலடி விட்டமுள்ள ஒரு ஜோடி கல்லுக்கு அது போதும், இரண்டு ஜோடிக்குப் போதாது. திட்டத்தின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டியது இந்தக் கணக்கு.

எந்த வகைச் சக்கரம் என்பதும் இதில் சேரும். ஜான் ஸ்மீட்டன் என்ற பொறியாளர் மாதிரிச் சக்கரங்களை வைத்துச் சோதனை செய்து 1759இல் ராயல் சொசைட்டியில் தம் முடிவுகளை வாசித்தார். அடியில் ஓடும் நீர் பலகைகளைத் தள்ளுவதால் சுற்றும் சக்கரம் நீரின் திறனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுப்பதில்லை. மேலிருந்து விழும் நீர் சக்கரத்தின் தொட்டிகளில் நிறைந்து, அதன் எடையால் சுற்றினால் மூன்றில் இரண்டு பங்கு கைக்கு வருகிறது. அந்த ஆய்வுக்கு அவருக்குக் கோப்ளி பதக்கம் கிடைத்தது. நல்ல உயரம் இருக்கும் இடத்தில், செய்வது சுலபம் என்பதற்காக அடிநீர்ச் சக்கரத்தைப் போடுகிறவர் ஸ்மீட்டன் காட்டியதில் பாதியை ஆற்றோடு விட்டுவிடுகிறார்.

சரி, அந்த 300 லிட்டர் எங்கிருந்து வந்தது? மழை பெய்து ஓய்ந்த ஒரு வாரத்தில் அளந்த எண்ணை நம்பித் திட்டம் போட முடியாது. குறைந்தது ஓராண்டு முழுக்க அளக்க வேண்டும். சிற்றோடையாக இருந்தால் குறுக்கே ஒரு பலகையை நிறுத்தி, அதில் 'வி' வடிவத்தில் வெட்டி, வெட்டின் வழியே வழியும் நீரின் உயரத்தை அன்றாடம் குறித்துவந்தாலே போதும். பெரிய ஆறானால் அரசின் நீரளவு நிலையங்களில் பல பத்தாண்டுப் பதிவுகள் இருக்கும். அவற்றைக் கொண்டு, ஆண்டில் எத்தனை நாள் எவ்வளவு நீர் ஓடுகிறது என்ற வரைபடம் போடுவார்கள். அதில் பொறியாளர்கள் முக்கியமாகப் பார்ப்பது, ஆண்டின் 95 சதவீத நாட்களில் குறையாமல் ஓடும் அளவை. கோடையின் அடிமட்டம் ஏறக்குறைய அதுதான். மீனுக்கும் செடிக்கும் கரைக்கும் என்று அதை ஒட்டிய ஓர் அளவைத் தொடாமல் விட்டு, மிச்சத்தில்தான் ஆலை தன் பங்கைக் கேட்கலாம்.

கணக்கு பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு ஹார்ட்ஃபர்ட்ஷயரில் வெர் ஆற்றின் மேலுள்ள ரெட்போர்ன்பரி ஆலையைச் சொல்லலாம். 1987இல் தீப்பிடித்து எரிந்து, பிறகு பாடுபட்டு மீட்கப்பட்ட ஆலை அது. இன்று மாவும் அரைக்கிறது, ரொட்டியும் சுடுகிறது. ஆனால் வெர் சுண்ணப்பாறையிலிருந்து ஊறிவரும் ஆறு. சுற்றுவட்டார ஊர்களுக்காக நிலத்தடி நீரை ஆண்டாண்டாக இறைத்ததில் அது மெலிந்துபோனது. அதனால் அரைப்பதற்கு ஒரு பழைய குரோஸ்லி எண்ணெய் எஞ்சினைத் துணைக்கு வைத்திருக்கிறார்கள். ஆழ்துளைக் கிணறுகள் பெருகியதால் ஓடைகள் வறண்ட கதையை நம் ஊர்களில் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவர்கள் எஞ்சினை மறைக்காமல், அதையும் ஆலையின் வரலாறாகவே பார்வையாளருக்குக் காட்டுவது நல்ல முடிவு என்று நினைக்கிறேன்.

சஃபோக் கடற்கழியில் உள்ள வுட்பிரிட்ஜ் ஆலையின் சிக்கல் வேறு. ஏற்றத்தின்போது கடல்நீரைக் குளத்தில் பிடித்து, இறக்கத்தின்போது திறந்துவிட்டுச் சக்கரத்தைச் சுற்றும் ஓத ஆலை அது. 1957இல் அதன் ஓக் மரத் தலைமை அச்சு உடைந்ததும் வேலை நின்றது. 1973இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. புதுச் சக்கரம் பொருத்தி மறுபடி மாவரைக்கத் தொடங்கியது 2010களில்தான். இதற்கிடையில் பழைய ஆலைக்குளம் படகுத்துறையாகிவிட்டது. இப்போதிருப்பது பிற்பாடு வெட்டிய சிறு குளம். பழைய குளம் இருந்த நாளில்போல் நீண்ட நேரம் ஓட்டுவதற்கு அதில் நீர் நிற்காது. கட்டடத்துக்குக் காவல் இருந்தது, நீருக்கு இல்லை. ஆலையைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்கும்போது குளம், வாய்க்கால், மதகு, மிகைநீர் வழியும் கலிங்கு எல்லாவற்றையும் ஒரே எல்லைக்குள் கொண்டுவருவது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

நீர் இருந்தாலும் அதை எடுக்க உரிமை வேண்டும். இங்கிலாந்தில் ஒரு நாளைக்கு 20 கன மீட்டருக்கு மேல் ஆற்றிலிருந்து நீர் எடுக்க உரிமம் தேவை. எடுத்த நீர் நூறு மீட்டர் தள்ளி அப்படியே ஆற்றில் சேர்ந்தாலும் விதி பொருந்தும். 300 லிட்டர் வேகத்தில் அந்த 20 கன மீட்டர் ஒரு நிமிடத்துக்குச் சற்றே கூடுதலான நேரத்தில் தீர்ந்துவிடும். ஆகவே உரிமம் இல்லாமல் எந்த ஆலையும் ஓடாது. விலாங்கு மீன்களுக்காக 2009இல் வந்த விதிகளின்படி வாய்க்கால் முகப்பில் வலை, கடந்து செல்ல வழி என்று பல ஏற்பாடுகள் தேவைப்படலாம். ஐரோப்பிய விலாங்கு அழியும் விளிம்பில் நிற்கும் உயிர், அதற்கான செலவை யாரும் குறைசொல்ல முடியாது.

தடுப்பணை என்ற சச்சரவு

இந்தத் துறையில் இன்று உண்மையான சண்டை நடப்பது தடுப்பணையைப் பற்றித்தான். ஐரோப்பிய ஆறுகளில் குறைந்தது 12 லட்சம் தடுப்புகள் இருக்கின்றன என்று 2020இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அவற்றில் 68 சதவீதம் இரண்டு மீட்டருக்கும் உயரம் குறைந்தவை. பழைய ஆலைகளின் அணைகள் பலவும் அந்தக் கூட்டத்தில்தான் அடங்கும். சால்மனும் விலாங்கும் ஏற முடியவில்லை, வண்டல் கீழே போகவில்லை, குளத்து நீர் வெயிலில் சூடாகிறது என்று ஆற்றியலாளர்கள் சொல்வது உண்மை. அமெரிக்காவில் வால்டர், மெரிட்ஸ் என்ற இரு நிலவியலாளர்கள் 2008இல் 'சயன்ஸ்' இதழில் இன்னும் ஆழமான ஒன்றைச் சொன்னார்கள். 1840 கணக்கெடுப்பின்படி கிழக்கு மாநிலங்களில் 65,000க்கும் மேற்பட்ட நீராலைகள் இருந்தன. அவற்றின் அணைகளுக்குப் பின்னால் படிந்த வண்டல், ஆற்றுப் பள்ளத்தாக்குகளின் வடிவத்தையே மாற்றிவிட்டது. இயற்கையானவை என்று நாம் நம்பும் வளைந்தோடும் சிற்றாறுகள் பலவும் அந்த வண்டலை அறுத்துக்கொண்டு பின்னாளில் உருவானவை.

மறுபக்கமும் வாதம் இருக்கிறது. பிரான்சில் ஆலை உரிமையாளர்களும் மரபுக் கட்டட ஆர்வலர்களும் நீண்ட காலம் போராடியதன் விளைவாக, மீனுக்கு வழிவிடுவதற்காக என்று ஆலை அணைகளை இடிக்கச் சொல்லக் கூடாது என்ற பிரிவு 2021ஆம் ஆண்டின் காலநிலைச் சட்டத்தில் இடம்பெற்றது. நூற்றாண்டுக் கணக்கில் நின்ற குளத்தைச் சுற்றி ஈரநிலமும் பறவைகளும் உருவாகிவிட்டன, அதையும் கணக்கில் எடுங்கள் என்பது அவர்கள் தரப்பு.

என் நிலை இதுதான்: அணை புனிதம் அல்ல. அதைக் காக்க வேண்டுமென்றால் அது ஆற்றுக்குச் செய்யும் கெடுதலைக் குறைக்கும் பொறுப்பும் காக்கிறவரையே சாரும். அணையைச் சுற்றிச் சரிவாக ஓடும் பக்க ஓடை ஒன்றை வெட்டினால் மீன் ஏறும், அணையும் நிற்கும். அந்த ஓடைக்குப் போகும் நீர் ஆலையின் பங்கிலிருந்து கழியும் என்பதை முதற்கணக்கிலேயே எழுதிவிட வேண்டும். பக்க ஓடைக்கு இடமே இல்லாமல், ஆறும் நலிந்திருந்தால், அணையை இடித்துவிட்டு ஆலையைக் கட்டடமாக மட்டும் காப்பது நேர்மையான முடிவு. சொல்லக் கசப்பாக இருந்தாலும் சில ஆலைகளுக்கு அதுவே சரி.

கட்டடத்தைப் படிப்பது

ஓராண்டு ஆற்றை அளக்கும் காலத்தில் கட்டடத்தைப் படிக்கலாம். 1836 சட்டத்துக்குப் பிறகு தசமபாக வரிக்காக வரைந்த ஊர் வரைபடங்கள், அரசின் பெரிய அளவு நில வரைபடங்கள், பண்ணைக் கணக்குகள், ஆலையை விற்கவோ குத்தகைக்கு விடவோ வந்த பழைய செய்தித்தாள் விளம்பரங்கள் எல்லாம் இதற்கு உதவும். விளம்பரத்தில் எத்தனை ஜோடி கல், எந்த வகைக் கல், சக்கரத்தின் விட்டம் என்ன என்று விவரமாகப் போட்டிருப்பார்கள். ரெடிங் நகரிலுள்ள மில்ஸ் ஆர்கைவ் அறக்கட்டளை 2002 முதல் இத்தகைய ஆவணங்களையும் படங்களையும் திரட்டி வைத்திருக்கிறது.

காகிதத்தைவிடச் சுவர் அதிகம் சொல்லும். சக்கரமே காணாமல்போன ஆலையிலும் சக்கரக் குழியின் பக்கச் சுவரில் வில் வடிவக் கீறல்கள் இருக்கும். அச்சு தேய்ந்து சக்கரம் சற்றே சாய்ந்து ஓடிய காலத்தில் அதன் விளிம்பு கல்லில் உரசிய தடம் அது. அந்த வில்லை நூல் பிடித்து அளந்தால் தொலைந்துபோன சக்கரத்தின் விட்டமும் அச்சின் இடமும் தெரிந்துவிடும். மேல்தள உத்தரங்களில் வெறுமையாய் நிற்கும் துளைகள் தானியத் தொட்டியும் மூட்டை தூக்கும் கப்பியும் எங்கே இருந்தன என்று காட்டும். இவற்றையெல்லாம் படமெடுத்து, வரைந்து, எண் போட்டு வைக்காமல் ஒரு ஆணியைக்கூடப் பிடுங்கக் கூடாது. 'சுத்தம் செய்யும்' முதல் வார உற்சாகத்தில்தான் பெரும்பாலான சான்றுகள் குப்பையோடு போகின்றன.

அடுத்த கேள்வி பெரிது. எந்தக் காலத்து ஆலையை மீட்பது? ஒரே கட்டடத்தில் 18ஆம் நூற்றாண்டு மரப் பல்சக்கரம், 19ஆம் நூற்றாண்டு வார்ப்பிரும்புச் சக்கரம், 20ஆம் நூற்றாண்டு டர்பைன் மூன்றும் இருக்கும். வில்லியம் மாரிஸ் 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கியதே, 'பழைய நிலைக்குக் கொண்டுவருகிறோம்' என்று சொல்லிக் கட்டடத்தின் பல நூற்றாண்டு வாழ்வைச் சுரண்டி எடுப்பதை எதிர்த்துத்தான். அந்தச் சங்கத்தில் 1931 முதல் ஆலைகளுக்கென்றே ஒரு பிரிவும் இருந்துவருகிறது. மரபுச் சின்னங்களின் பாதுகாப்புக்காக 1964இல் உருவான வெனிஸ் சாசனமும் ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்புப் பணி நின்றுவிட வேண்டும் என்கிறது. புதிதாகச் சேர்க்கும் பகுதி பழையதோடு இசைய வேண்டும், ஆனால் புதியது என்று அடையாளம் தெரியவும் வேண்டும் என்பதும் அதன் விதி.

டார்செட்டில் ஸ்டூர் ஆற்றின் மேலுள்ள ஸ்டர்மின்ஸ்டர் நியூட்டன் ஆலை இதற்கு நல்ல பாடம். 1904இல் அதன் நீர்ச்சக்கரங்களை எடுத்துவிட்டு டர்பைன் பொருத்தினார்கள். இன்றும் அந்த டர்பைன்தான் கல்லைச் சுற்றுகிறது. பார்வையாளர் விரும்பும் மரச்சக்கரத்தை மறுபடி மாட்டவில்லை. நூறாண்டுக்கு மேல் உழைத்த எந்திரத்துக்கு அங்கே இருக்க உரிமை உண்டு.

ஆனால் எந்திரத்துக்குக் கட்டடத்தின் விதியை அப்படியே பொருத்த முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். சக்கரத்தின் பலகைகளும் மரப் பற்களும் தேயத்தான் செய்யப்பட்டவை. ஒவ்வொரு தலைமுறை ஆலைக்காரரும் அவற்றை மாற்றியே வந்திருக்கிறார். அவற்றை 'அசல்' என்று கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் ஆலை நின்றுவிடும். தாங்கும் சட்டத்தையும் அச்சுகளையும் பெரிய சக்கரங்களையும் முடிந்தவரை காத்து, எப்போதும் மாற்றப்பட்டவற்றைத் தயங்காமல் மாற்றி, கழற்றிய துண்டுகளில் ஒன்றிரண்டைத் தேதியிட்டு மேல்தளத்தில் வைப்பதே இதற்கு வழி.

சக்கரமும் கல்லும்

மரச்சக்கரத்துக்குச் சும்மா நிற்பதுதான் பெரிய நோய். அடிப்பகுதி நீரிலும் மேற்பகுதி வெயிலிலும் மாதக்கணக்கில் நின்றால் ஒரு பக்கம் ஊறிக் கனக்கும், மறுபக்கம் வெடிக்கும். பிறகு சுற்றவைத்தால் கனத்த பக்கம் இழுத்துக்கொண்டு இறங்கும், அச்சு அடி வாங்கும். வாரம் ஒருமுறையாவது சுற்றவைக்க ஆள் இல்லாத இடத்தில் மரச்சக்கரம் போடுவது பணத்தை ஆற்றில் போடுவதுதான். வார்ப்பிரும்பு உறுப்பில் விரிசல் இருந்தால் சாதாரண வெல்டிங் பிடிக்காது. விரிசலின் இருபுறமும் உலோகத் துண்டுகளைப் பதித்துத் தைத்து மூடும் முறை தெரிந்தவர்களைத் தேட வேண்டும்.

உள்ளே போனால், நிமிடத்துக்கு 8 சுற்று சுற்றும் நீர்ச்சக்கரம் கல்லை 120 சுற்று சுற்றவைக்கும் அடுக்குகள் இருக்கின்றன. இரண்டு கட்டமாகப் பல்சக்கரங்கள் வேகத்தை 15 மடங்காக்குகின்றன. இரும்புச் சக்கரத்தோடு இணையும் சக்கரத்தில் மரப் பற்களைச் செருகியிருப்பார்கள். இரும்போடு இரும்பு உரசினால் சத்தமும் பொறியும் பறக்கும். மாவுத் தூசி நிறைந்த அறையில் பொறி ஒன்றே போதும், எல்லாம் எரிந்துவிடும். ஏதாவது சிக்கிக்கொண்டாலும் உடைவது ஒரு மரப் பல்லோடு நின்றுவிடும், மறுநாள் புதுப் பல் செருகிக்கொள்ளலாம். இணையும் இரு சக்கரங்களின் பற்களை எண்ணிப் பார்த்தால், ஒன்றால் மற்றொன்று சரியாக வகுபடாதபடி ஒரு பல் கூட்டி வைத்திருப்பது தெரியும். அதே இரண்டு பற்கள் ஒவ்வொரு சுற்றிலும் சந்தித்துத் தேயாமல், எல்லாப் பற்களும் எல்லாவற்றோடும் மாறி மாறிச் சேர்ந்து சமமாகத் தேய்வதற்கான யுக்தி அது. புதுச் சக்கரம் வார்க்கிறவர் இதை அறியாமல் எண்ணிக்கையை 'சரிசெய்து' விட்டால் பழைய ஆலைத் தச்சர்களின் அறிவு ஒன்று அதோடு போயிற்று.

கல்லைப் பற்றி அதிகம் சொல்லத் தோன்றுகிறது, ஆலையின் உயிர் அதில்தான் இருக்கிறது. அடிக்கல் அசையாது, மேற்கல் சுழலும். மேற்கல்லின் எடை ஏறக்குறைய ஒரு டன். கோதுமைக்குச் சிறந்ததாகக் கருதப்பட்டது பாரிஸுக்குக் கிழக்கே லா ஃபெர்டே சூ ஜுவார் பகுதியில் வெட்டிய குவார்ட்ஸ் தன்மையுள்ள கல். சிறு துண்டுகளாக வந்த அதைப் பொருத்தி, இரும்புப் பட்டை கட்டி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி ஒரே கல்லாக்கினார்கள். இரு கற்களும் ஒன்றையொன்று தொடவே கூடாது. நடுவில் சற்றே விலகி, விளிம்பில் மெல்லிய காகிதம் நுழையும் இடைவெளிதான். தானியம் தீர்ந்து கல் வெறுமனே சுற்றினால் கல்லோடு கல் உரசிப் பொறி கிளம்பும். அதனால்தான் தொட்டியில் தானியம் குறைந்ததும் தானாகவே மணி அடிக்க ஏற்பாடு வைத்தார்கள்.

அரைக்க அரைக்கக் கல் மழுங்கும், அப்போது கொத்த வேண்டும். நம் தெருக்களில் அம்மி கொத்த வருகிறவரின் வேலைதான், ஆனால் அளவுச் சுத்தம் கூடுதலாகக் கேட்பது. மேற்கல்லைக் கிரேனால் தூக்கிப் புரட்டிப் போடுவார்கள். நேரான மரச் சட்டம் ஒன்றில் செங்காவி தடவிக் கல்லின் மேல் இழுத்தால், எங்கே சிவப்பு ஒட்டுகிறதோ அது மேடு. அந்த மேட்டை மட்டும் எஃகு உளியால் கொத்தி இறக்கி, மறுபடி காவி இழுத்துப் பார்ப்பார்கள். முகம் சமமான பிறகு, நடுவிலிருந்து விளிம்புக்குப் போகும் சால்களை ஆழப்படுத்தி, சால்களுக்கு இடையிலுள்ள மேட்டில் நெருக்கமான நுண்கோடுகளை இடுவார்கள். சால் வழியே மாவும் காற்றும் வெளியேறும், கல் சூடேறாது. சூடேறினால் மாவு கெடும். இதை எழுதிப் படித்துக் கற்க முடியாது. உளி பிடிக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கைபழக வேண்டும்.

சுவரைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். முதல் வேலை, கூரையைத் தற்காலிகமாகவாவது மூடி மழையை நிறுத்துவது. சிமென்ட் வேண்டாம், சுண்ணாம்புச் சாந்தே பூச வேண்டும். சிமென்ட் ஈரத்தை உள்ளே பூட்டி உத்தர முனைகளை அழுக வைக்கும். மின் இணைப்புகளை வெள்ளம் எட்டாத தளத்தில் வையுங்கள். வௌவால்கள் குடியிருந்தால் அவை இங்கிலாந்தில் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை, வேலைக் காலத்தை அவற்றின் இனப்பெருக்கப் பருவத்துக்கு ஏற்பத் தள்ளிவைக்க வேண்டும்.

பணமும் பயனும்

ஆலை எதற்காக ஓடப்போகிறது என்ற கேள்விக்கு மூன்று விதமான விடைகளைப் பார்க்கிறோம். வேறு பயனுக்கு மாற்றுவது ஒன்று. வின்செஸ்டர் நகர ஆலை 1931 முதல் பல பத்தாண்டுகள் இளைஞர் விடுதியாக இருந்தது, அதனால்தான் கட்டடம் பிழைத்தது. 2004இல் மரபுச் சொத்துகளைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு அதை மறுபடி மாவரைக்க வைத்தது. வாடகைதாரர் கூரையைப் பார்த்துக்கொள்கிற வரை எந்திரமும் பத்திரம், அதைக் கழற்றாமல் விட்டால் மட்டும்.

மின்சாரம் இன்னொன்று. தேம்ஸ் நதியில் இன்றும் மாவரைக்கும் ஒரே பழைய ஆலையான மேப்பிள்டர்ஹாமில் 2010களின் தொடக்கத்தில் திருகு வடிவ டர்பைன் ஒன்றை நிறுவினார்கள். மாவு ஆலையைத் தொடாமல் பக்கத்திலேயே மின்சாரம் கிடைக்கிறது, அந்த வருமானம் பழையதைத் தாங்குகிறது. ஆனால் சிறு மின் உற்பத்திக்கு 2010இல் பிரிட்டன் அறிவித்த நிலையான விலைத் திட்டம் 2019 மார்ச்சோடு புதியவர்களுக்கு மூடப்பட்டது. அரசு தரும் விலையை நம்பி மட்டும் இருபதாண்டு வரவு செலவு போடக் கூடாது.

மூன்றாவது, மாவையே விற்பது. சிறு ஆலைகள் பெரும்பாலும் முழுக்கோதுமை மாவிலேயே நின்றதற்கு ருசி மட்டும் காரணம் அல்ல. பிரிட்டனின் 1998 விதிகளின்படி முழுக்கோதுமை அல்லாத மாவில் கால்சியம், இரும்பு, இரு வைட்டமின்கள் சேர்த்தாக வேண்டியிருந்தது, அதற்கான கலவை எந்திரம் சிறு ஆலைக்குக் கட்டுப்படியாகவில்லை.

இமயத்தில் கராட்களை மேம்படுத்தியவர்கள் வேறு பாதையில் போனார்கள். டேராடூனைச் சேர்ந்த ஹெஸ்கோ அமைப்பும், நேபாளத்தின் நீராலை மேம்பாட்டுத் திட்டமும் மரத் துடுப்புகளுக்குப் பதிலாக எஃகுச் சக்கரமும் நல்ல பேரிங்கும் பொருத்தின. அரைக்கும் வேகம் கூடியது. சில இடங்களில் பகலில் மாவு, இரவில் விளக்கு. மரபுத் தூய்மை பார்க்கிறவர்கள் முகம் சுளிக்கலாம். நான் சுளிக்க மாட்டேன். மலைக் கிராமத்தில் கராட் நின்றால் பெண்கள் டீசல் மில்லுக்கு மூட்டை சுமக்க வேண்டும்.

எந்த விடையானாலும், திறப்பு விழாவோடு செலவு முடிவதில்லை. ஹாம்ப்ஷயரின் ஈலிங் ஓத ஆலை 1980இல் மீட்கப்பட்டு மாவரைத்தது. அதற்குப் பிறகு லாட்டரி நிதியின் துணையோடு இன்னொரு பெரிய சீரமைப்பு தேவைப்பட்டு 2018இல் மீண்டும் திறந்தார்கள். அது தோல்வி அல்ல, ஆலையின் இயல்பான ஆயுள் அதுதான். ஆகவே கட்டுமானச் செலவோடு பராமரிப்பு நிதியும் சேர்ந்துதான் திட்ட மதிப்பீடு. நெதர்லாந்தில் சில மாகாணங்களும் நகராட்சிகளும் ஆலை ஆண்டுக்கு எத்தனை சுற்று சுற்றியது என்பதை அச்சில் பொருத்திய எண்ணியில் பார்த்து ஊக்கத்தொகை தருகின்றன. ஓடினால் பணம், நின்றால் இல்லை. இதைவிட அறிவான மானியத்தை நான் கண்டதில்லை.

யார் ஓட்டுவது?

ஆலைத் தச்சுத் தொழில் பிரிட்டனில் அழியும் ஆபத்திலுள்ள கைத்தொழில்களின் பட்டியலில் இருக்கிறது. ஓட்டத் தெரிந்த ஆலைக்காரரும் அரிது. நெதர்லாந்தில் இதை முன்கூட்டியே உணர்ந்தார்கள். 1972இல் தன்னார்வ ஆலைக்காரர் சங்கம் தொடங்கி, எல்லாப் பருவத்திலும் ஆலையில் நிற்கவைத்துப் பயிற்சி தந்து, தேர்வு நடத்திச் சான்றிதழ் தருகிறார்கள். காற்றாலை, நீராலை ஓட்டும் அந்தக் கைத்திறனை 2017இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் அருவ மரபுப் பட்டியலில் சேர்த்தது. கட்டடத்துக்கு அல்ல, தொழிலுக்குக் கிடைத்த மரியாதை அது.

ஓட்டத் தெரிந்த ஆள் இருந்தால் என்ன ஆகும் என்பதை 2020 வசந்தம் காட்டியது. கொரோனா ஊரடங்கில் பிரிட்டன் கடைகளில் மாவு தீர்ந்துபோனது. கோதுமை இருந்தது, ஆலைகள் இருந்தன, வீட்டுக்கேற்ற சிறு பைகளில் அடைத்துக் கொடுக்கத்தான் ஏற்பாடு போதவில்லை. மேலே சொன்ன ஸ்டர்மின்ஸ்டர் நியூட்டன் ஆலை 1970 முதல் வணிகத்துக்கு அரைக்காமல், பார்வையாளருக்குக் காட்டுவதற்காக மாதத்தில் ஓரிரு நாள் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஏப்ரலில் கல்லைச் சுற்றவைத்து, சில வாரங்களில் ஒரு டன்னுக்கும் மேலான கோதுமையை அரைத்து உள்ளூர்க் கடைகளுக்குக் கொடுத்தார்கள். டர்பைன் பழகியிருந்தது, கல் கொத்தியிருந்தது, கை தெரிந்தவர்கள் இருந்தார்கள். மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் நடந்திருக்காது.

ஆகவே நீராலைத் திட்டங்களுக்கு நிதி ஒதுக்கும் குழுக்களில் உட்காருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஓராண்டு நீரளவுப் பதிவும், ஆலையை ஓட்டப்போகிறவரின் பெயரும், அவருக்குக் கீழே பழகும் ஒருவருக்கான சம்பளமும் இல்லாத விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புங்கள். கூரை மூடுவதற்கு மட்டும் உடனே பணம் கொடுங்கள். மற்றதெல்லாம் ஓராண்டு காத்திருக்கலாம்.